விரல் ரேகையைத் தின்ற பப்பாளிப் பால்

பச்சைப் பப்பாளியில் பிளேடு பட்டதும் ஒரு கசப்பு வாசனை வருமே... எட்டு வருடம் ஆகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. பொங்கல் லீவு முடிந்ததும் பெர்மனன்ட் லிஸ்ட் போடுவார்கள். பாரூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனால், அப்பா தோள்வலியோடு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் பால் எடுக்க ஆளில்லை.

பப்பாளிப் பாலை மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போவார்கள். விடிந்ததும் காயை மேலாகக் கீறினால், கீழே கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டில் சொட்டும். "கிளவுஸ் போட்டுக்க பாப்பா" என்றார் அப்பா. போட்டால் பிளேடு வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டேன். நம் புத்தி அப்படி!

நாலே நாள்... விரல் நுனியெல்லாம் எரிந்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிட்டது.

லீவு முடிந்து கம்பெனி கேட்டில் இருந்த அட்டெண்டன்ஸ் மிஷினில் விரலை வைத்தேன். சிவப்பு லைட். துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் கம்பெனி பஸ் கூட்டம் முழுக்க முணுமுணுக்கிறது.

எச்.ஆர். சார் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேகையே இல்லையே... யாருக்குப் பதிலா வந்திருக்க நீ?"

ஐடி கார்டைக் காட்டினேன். அந்த போட்டோவில் எனக்கே என்னை அடையாளம் தெரியாது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவருக்கு டீ கொண்டுவந்த கேன்டீன் அக்காதான் காப்பாற்றினார். கன்னடக்காரர். ஊரில் பால் எடுத்ததை நான் சொன்னதும் என் விரலைப் பார்த்து, "அய்யோ தேவரே, பப்பாளிப் பாலா? மட்டன் வேகலன்னா பப்பாளிக்காய அரைச்சுப் போடறேன்ல சார்? கறியவே கரைக்குது, இவ தோல விடுமா? அன்னாசி வெட்டுனா எனக்கும் இதே கதிதான். அதான் மிஷினுக்குப் பதிலா நோட்டுல கையெழுத்து போடறேன்" என்றார்.

சார் செல்லில் தேடினார். "அட, ஆமா... பப்பாயின்னு ஒரு என்சைமாம். புரோட்டீனச் செரிச்சுடுமாம்" என்று சிரித்தார். எனக்கும் ஒரு நோட்டு கிடைத்தது. லிஸ்டில் பெயரும் வந்தது.

அப்பா தினமும் போன் செய்வார். "வெரலு வந்துச்சா பாப்பா?"

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பச்சை லைட் எரிந்தது. அப்பாடா! நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

இப்போது கேட்டில் கேமரா. முகத்தைக் காட்டினால் போதும். ஊரில் ரேஷன் கடையில் மட்டும் இன்னும் விரல்தான். அங்கே எப்போதும் அம்மாதான் போவார். அப்பாவைச் சோம்பேறி என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்...

போன வருடம் அப்பா பால் எடுப்பதை நிறுத்திவிட்டார். காயைப் பழுக்கவிட்டுப் பழமாகவே விற்கிறார். போன வாரம் அவரிடமிருந்து போன்.

"பாப்பா, ரேஷன் கடை மிஷின்ல இன்னைக்கு என் வெரல எடுத்துக்கிச்சு!"

"இத்தன வருஷமா எடுக்கலயாப்பா? சொல்லவே இல்ல?"

"உன் வெரலு வந்துடுச்சுல்ல... அதுவே போதும்னு இருந்துட்டேன்."