ஒரு பவள மணிக்காகப் புதுச்சேரி வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்காவுடைய பவள மாலையிலிருந்து ஒரு மணியை நான் விழுங்கிவிட்டேன்.

வேண்டுமென்று அல்ல. மாலையின் நூல் நைந்திருந்தது. புது நூலில் கோத்துத் தருகிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டவன் நான்தான். கடைசி மணியைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நூல் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஹாஸ்யம் தோன்றியது. நான் பத்திரிகையில் எழுதும் ஹாஸ்யங்களுக்கு யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. இதற்கு நானே சிரித்தேன். மணி உள்ளே போய்விட்டது.

"சிரிக்கிற விஷயமாங்க இது?" என்றாள் லோகா. அவள்தான் என் மனைவி. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவளும் அவள் அக்கா மங்களமும் ஒரே தெருவில் இருந்துகொண்டு நாலு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். ஒரு கல்யாணத்தில் லோகாவின் புடவையைப் பார்த்து, "நல்லாருக்குடி, வாடகை எவ்வளவு?" என்று அக்கா கேட்டதில் வந்த வினை. நாலு வருஷம் கழித்து அக்காவே இறங்கி வந்து, "இந்தாடி, ஒரு வாரம் போட்டுக்க" என்று தன் பவள மாலையைக் கழற்றிக் கொடுத்தாள். அது நகை இல்லை, சமாதானக் கொடி. அவள் மாமனார் வழியில் வந்த அசல் பவளம் என்று சென்னை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்ள வருவதாக ஏற்பாடு. நான் விழுங்கியது வியாழக்கிழமை.

பக்கத்துத் தெரு வைத்தியர் வாழைப்பழம் தின்னச் சொன்னார். "தானா வரும். எப்போ வரும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். ஆகவே இன்னொரு மணி வாங்குவதே வழி. சென்னை நகைக்கடைக்காரர்கள் எல்லோரும் அக்காவுக்குப் பழக்கம். அவர்களிடம் போவது அக்காவிடமே போவதற்குச் சமம். அவள் பவளம் எந்தக் காலத்திலோ புதுச்சேரியில் வாங்கியது என்று சொல்லுவாள். சரி, புதுச்சேரிக்கே போகிறேன் என்றேன்.

"ஆம்பளைங்க பாண்டிச்சேரிக்கு எதுக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் லோகா. நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருக்கும்வரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

மாலையைக் கையோடு எடுத்துப்போக முடியவில்லை. அக்கா நாளுக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பவள். கழுத்தில் மாலை இல்லாவிட்டால் விசாரணை ஆரம்பமாகிவிடும். நூலை இழுத்து முடிந்து, ஒரு மணி குறைவாகவே லோகா போட்டுக்கொண்டாள். அந்த மாலைக்குப் பொருத்தமாக நிறம் பார்த்துப் பார்த்து அவள் தைத்திருந்த ரவிக்கையின் உள்மடிப்பில் நகத்தளவு துணி வெட்டி எனக்குக் கொடுத்தாள். அதுதான் என் மாதிரி.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழும்பூரில் ஏறினேன். மூன்றாம் வகுப்பில் மூன்றே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேலே ஆகிறது. விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அங்கிருந்து இருபத்துநான்கு மைல். அந்த இரண்டாவது வண்டியில் என்னைத் தவிர எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தேன்.

பன்னிரண்டரை மணிக்குப் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரர் கோவிந்தன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க முசே. எந்தக் கடைக்கு?" முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"பவளக் கடைக்கு."

அவர் யோசித்தார். "இன்னா சரக்கு அது, புதுசா?"

விளக்கினேன். ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு காஜியார் வீதிக்கு ஓட்டினார். எட்டணா. காதர் பாய் கடையில் கதவு சாத்தியிருந்தது. "தொழுகைக்குப் போயிட்டாரு. அப்புறம் சாப்ட்டுட்டுத் தூங்குவாரு. நாலு மணிக்கு வாங்க" என்றது பக்கத்துக் கடை.

தூங்கியது பாய் மட்டுமில்லை, ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழக்கங்களில் இதை மட்டும் யாரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை. பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் மஞ்சள் சுவர்கள், சாத்திய ஜன்னல்கள், சுவருக்கு மேலே வழிகிற காகிதப் பூ. தெருவில் எங்கள் ரிக்‌ஷாவின் நிழல் ஒன்றுதான் நடமாடியது. வெயில்கூட அங்கே சத்தம் போடாமல் விழுந்தது. நான் கொஞ்ச நேரம் கண் மூடியிருக்க வேண்டும். திறந்தபோது மணலும் கட்டுமரங்களும் தெரிந்தன.

"பவளம் கடல்லதான இருக்குது? கடைக்காரன் வர்றதுக்குள்ள நம்ம மச்சான்கிட்ட கேட்டுப் பாத்துருவோம்" என்றார் கோவிந்தன். வைத்திக்குப்பம். அவர் மச்சான் வலைக்குள் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் மனைவி அஞ்சலைதான் ஒரு மண்தொட்டியைக் காட்டினார். காலையில் பாறைப் பக்கம் போட்ட வலையில் சிக்கியதாம். கடல் தண்ணீருக்குள் ஒரு சிவப்பு விசிறி நின்றது, இலை உதிர்ந்த சின்ன மரம் மாதிரி.

"சும்மா பாத்தினு இருங்க. ஆடாதீங்க" என்றார்.

ஆடாமல் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கிளையெங்கும் கடுகளவு வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு கிளை பூத்து முடிந்ததும் அடுத்த கிளை. தொட்டிக்குள் விடியற்காலை ஆகிற மாதிரி இருந்தது. என்னை மறந்து, "என்ன அழகான பூ!" என்றேன்.

"பூவில்ல சார், பூச்சி. அத்தினியும் வாயத் தொறந்துகினு நிக்குது. பசி அதுக்கு."

விரலை விட்டேன். எல்லா வாய்களும் சட்டென்று மூடிக்கொண்டன. பவளத்தை விழுங்கியவன், எதையாவது விழுங்கக் காத்திருக்கும் பவளத்துக்கு முன்னால் குந்தியிருந்தேன். இரண்டில் யாருக்கு வெட்கம் அதிகம் என்று சொல்ல முடியாது. வாழைப்பழத்தில் ஒரு துணுக்குப் போடட்டுமா என்று கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் நான் தொட்டியைவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு அவரே அதைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "விக்கவும் முடியாது, திங்கவும் முடியாது. எதுக்கு வெச்சிகினு?"

நாலு மணிக்குக் காதர் பாய் கடை திறந்திருந்தது. பாய்க்கு என் வயதுதான் இருக்கும். தூக்கம் முழுசாகக் கலையாத முகம். விசிறியைப் பற்றிச் சொன்னதும், "அது தூரத்துச் சொந்தம். நகைப் பவளம் நம்ம கடல்ல இல்லை. இத்தாலிப் பக்கம் முளைச்சுக் கப்பல்ல வரும். ஆனா ரெண்டும் ஒரே கதைதான். அந்தப் பூச்சிங்க கட்டின வீட்டை அறுத்து உருட்டி நாம கழுத்துல மாட்டிக்கிறோம்" என்றார்.

வெள்ளைத் துணி விரித்து மணிகளைக் கொட்டினார். என் துணித்துண்டை வைத்துப் பார்த்தோம். கடை இருட்டில் எதுவும் பொருந்தவில்லை. தெருவுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். மேற்கு வெயிலில் எல்லாமே பொருந்தியது. மணிகள் மட்டுமில்லை, எதிர்ச் சுவர், ஓடுகள், தெருமுனைப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி, கோவிந்தனின் பல், எல்லாம் என் ரவிக்கைத் துணியின் நிறம்.

"இது போதும் பாய், குடுங்க."

"சாயங்கால வெயில்ல பவளம் வாங்கக் கூடாது சார். அது எல்லாருக்கும் ஆமாம் போடுற வெயில். காலையில எட்டு மணிக்கு வாங்க."

அவசரம் தாங்காமல், மணியை விழுங்கிய கதையை உளறிவிட்டேன். பாய் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் ஹாஸ்யத்துக்கு ஒருவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"திரும்பி வந்தா கழுவிக் கோத்துக்கலாமே?" என்றேன்.

அவர் ஒரு உடைந்த பவளத் துணுக்கை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தார். பொசுபொசுவென்று நுரைத்தது. துடைத்துக் காட்டினார். பளபளப்பு போய், சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளிறியிருந்தது. "கண்ணாடின்னா இதுக்கு ஒண்ணும் ஆகாது. அசலுக்குத்தான் இந்தக் கதி. வயித்துக்குள்ள இதைவிடப் புளிப்பு. உங்க மணி வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாது."

மார்க்கெட் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு ரூபாய்க்கு அறை எடுத்தேன். பிறகு கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்தேன். புயலில் போன பழைய கப்பல் பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீரில் வரிசையாக நின்றன. அந்தத் தண்ணீருக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், அஞ்சலை திருப்பி விட்ட விசிறி இந்நேரம் ஒவ்வொரு வாயாகத் திறந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். நாலு வருஷம் பேசாத இரண்டு வாய்கள் ஒரு மாலையால் திறந்துகொண்டதும் ஞாபகம் வந்தது. என் விரலால் அவை மூடிவிடக் கூடாது. அன்று நான் சாப்பிட்டது நாலு இட்லியும் இரண்டு வாழைப்பழமும் மட்டுமே. இதை நம்பும் ஒரு ஆத்மாவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் பாய் அரைமணி நேரம் துழாவினார். "உங்க துணி ரொம்ப ஒரே சிவப்பா இருக்கு. பவளத்துல எங்கயாவது ஒரு மச்சம், ஒரு வெளுப்பு இருக்கும். மாலையவே கொண்டாந்திருக்கணும் நீங்க" என்று முனகிக்கொண்டே கடைசியில் ஒன்றை எடுத்தார். இரண்டரை ரூபாய். பல்லிடுக்கில் வைக்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் நுழைந்ததும் லோகா செய்த முதல் காரியம், என் வாயை முகர்ந்து பார்த்தது. மணியை அவளேதான் கோத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் அக்கா வந்தாள். மாலையைக் கையில் வாங்கி மணி மணியாக விரலால் உருட்டிக்கொண்டே பேசினாள். ஒரு மணியில் விரல் நின்றது.

"ஏண்டி, இது ஒண்ணு மட்டும் மங்கலா இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். லோகா என் காலை மிதித்தாள்.

"எங்க மாமனார் காலத்துப் பவளமாச்சே, ஒண்ணு ரெண்டு நிறம் குறையத்தான் செய்யும்" என்று அக்காவே சொல்லிவிட்டு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அடுத்த முகூர்த்தத்துக்கும் நீ போட்டுக்க. காப்பி போடு." இரண்டு பேரும் சமையலறைக்குள் போனார்கள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உள்ளே பேச்சுச் சத்தம் ஓயவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்காதீர்கள், இறங்கினால் நேரே வைத்திக்குப்பம் போய்விடுங்கள். ரிக்‌ஷாவுக்கு எட்டணாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்; மச்சான் வீட்டுக்குக் கூட்டிப்போனால் மேற்கொண்டு நாலணா. பவளம் வாங்குவது காலை வெளிச்சத்தில் மட்டும். சாயங்கால வெளிச்சத்தை எதுவும் வாங்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். என் செலவில் அதற்கு ஈடானது வேறில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பதற்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை.

இன்னொன்று. வைத்தியர் சொன்னபடியே திங்கட்கிழமை காலை மணி வந்து சேர்ந்தது. கழுவிப் பார்த்தேன், உள்ளே போனபோது இருந்த அதே பளபளப்பு. சந்தேகத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். நுரைக்கவில்லை.