குடிலுக்குள் வந்த டகோட்டா

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு வருஷம் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவே மூன்று கொம்புள்ள மிருகம் ஒன்று நின்றது. களிமண்ணில் நான் செய்தது. பிள்ளைகளே, உங்களுக்குச் சிரிப்பு வரும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் கடைசி. மத்திகிரியில் மாட்டுப் பண்ணையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும் பண்ணையில் பால் கறந்தார்கள். அந்த வருஷம் ஆடிக் காற்றோடு காற்றாக அமெரிக்காவிலிருந்து ஒருவர் அங்கே தொண்டு வேலைக்கு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வயசு இருக்கும். கிளம்பும் முன்பு அவருக்கு யாரோ கன்னடம் சொல்லிக்கொடுத்து, கொண்டுவந்து தமிழ் பேசுகிற பக்கத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். வேறு ஊராக இருந்தால் திண்டாடிப் போயிருப்பார். எங்கள் ஊரிலோ கன்னடத்தில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லி, தமிழில் கிண்டல் செய்வார்கள். சீக்கிரமே அவரும் மூன்றையும் பிசைந்து பேசக் கற்றுக்கொண்டார்.

அவருடைய மாநிலத்துக்குப் பெயர் வடக்கு டகோட்டா. அதனால் எங்களுக்கு அவர் டகோட்டா அண்ணன்.

சாயங்காலம் கறவை முடிந்ததும் கன்றுக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் படம் போடுவார். நாங்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக்கொண்டு பார்ப்போம். முதல் நாள் போட்டதே அந்த மூன்று கொம்பன்தான். கண்ணுக்கு மேலே நீளமாக இரண்டு கொம்பு, மூக்கின் மேல் குட்டையாக ஒன்று, கிளிமூக்கு வாய், கழுத்தைச் சுற்றி முறத்தைக் கவிழ்த்த மாதிரி ஓர் எலும்பு.

"தொட்டது! பஹள தொட்டது!" என்று கையை விரித்தார். கன்னடத்தில் பெரிசு, ரொம்பப் பெரிசு என்று அர்த்தம். "எங்க ஊரு மண்ணுக்குள்ள இதோட எலும்பு இருக்குது. மனுஷனே இல்லாத காலத்துல இருந்துச்சு."

அப்புறம் தினமும் ஓர் அதிசயம். அவர் மாநிலத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், அதில் லாரி நீளத்துக்குப் பல்லிகள் நீந்தினவாம். மேற்குப் பக்கம் மழையும் காற்றும் அரித்த குன்றுகளாம், சிவப்பும் சாம்பலும் நீலமுமாகப் பட்டை பட்டையாய்த் தெரியுமாம். மரங்கள் அப்படியே கல்லாகிக் கிடக்குமாம். புல்வெளி நாய் என்று ஒன்று. பெயர்தான் நாய், ஜாதி அணில். தரைக்கு அடியில் ஊரே கட்டிக்கொண்டு வாழும். வளை வாசலில் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, பூசைக்கு நிற்கிற மாதிரி எழுந்து நிற்கும். பருந்து வந்தால் கத்தி எல்லாரையும் உள்ளே அனுப்பிவிடும்.

காட்டெருமையைப் போட்ட அன்று பெரியவர்களும் கூடிவிட்டார்கள். மலை போலத் திமில், தாடி, முன்பக்கமெல்லாம் சடை. கண்ணுக்கு எட்டின மட்டும் கூட்டம் கூட்டமாக இருந்ததைச் சுட்டுச் சுட்டு அநேகமாக ஒழித்தேவிட்டார்கள், மிஞ்சின கொஞ்சத்தைத்தான் இப்போது காப்பாற்றி வளர்க்கிறார்கள் என்றார்.

மாமா உட்கார்ந்து படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி. எத்தனை படி கறக்கும்?"

"பக்கத்துல போய்ப் பாருங்க, சொல்லும்."

கொட்டகையே சிரித்தது.

அவர் ஊர்ப்பக்கம் கல்லால் ஒரு கூம்பு கட்டி, இதுதான் எங்கள் கண்டத்துக்கே நடு மையம் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அதற்கும் மாமா, "அளக்கறப்போ சங்கிலியை இழுத்துப் பிடிச்சாங்களா?" என்று கேட்டார்.

ஒருநாள் அக்கா மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "எப்பண்ணா ஊருக்குத் திரும்பிப் போவீங்க?"

அண்ணன் போட்டுக்கொண்டிருந்த படத்தை உள்ளங்கையால் அழித்தார். "இங்கேயே நல்லா இருக்குதே" என்றார். பிறகு ஒரு குதிரை போட ஆரம்பித்தார்.

டிசம்பர் பிறந்தது. அக்கா என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு அண்ணனால ஊருக்குப் போக முடியாதுடா. நாம அவரு ஊரையே குடில்ல கொண்டாந்து வெச்சிடலாம்."

எனக்கு அன்றிலிருந்து தூக்கமே பிடிக்கவில்லை.

மற்ற வீடுகளில் குடிலைச் சுற்றி ராகி நாற்று வைப்பார்கள். நாங்கள் மாதா கோயிலில் உதவியாகக் கொடுத்த அமெரிக்கக் கோதுமையை விதைத்தோம். அவர் ஊரில் அடிவானம் வரைக்கும் கோதுமைதானே! அது சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. பனிக்கு, கோயிலில் கொடுத்த பால் பவுடர்.

"ஏன்டி, குடிக்கறதுக்குக் குடுத்ததை மண்ணுல கொட்டறீங்களா?" என்றாள் அம்மா.

"பாலன் இயேசுவுக்குத்தானேம்மா."

அம்மா ஒரு டம்ளர் அளந்து கொடுத்தாள். காட்டெருமைகளுக்குத் தேங்காய் நாரில் சடை ஒட்டினேன். வளை வாசலில் புல்வெளி நாய்கள் கைகட்டி நின்றன. எல்லாவற்றுக்கும் மையத்தில் மாட்டுக் கொட்டில். அதன் பக்கத்தில் மூன்று கொம்பன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து குடிலை மந்திரித்து ஆசீர்வதிப்பார். ஓசூருக்குப் போயிருந்த அண்ணனும் அவரோடு வருவதாக ஏற்பாடு. ஆனால் மத்தியானமே பெரியப்பா வந்துவிட்டார். அவர் எங்கள் கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். வேதத்தில் இல்லாத ஒன்று வேதக் குடிலில் இருக்க விடமாட்டார்.

"என்னாடா இது?"

"மூணு கொம்பன், பெரியப்பா. வடக்கு டகோட்டா."

"பெத்லகேம்ல இது இருந்துச்சா? நோவா பேழையில ஏத்தின மிருகத்துல இது உண்டா? எடுடா வெளிய!"

அண்ணன் வந்து பார்க்கும்போது அவர் ஊரே இருக்காது. அழுகையை அடக்கிக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். மாமா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"பேழையில இதுக்கு எடம் பத்தலைங்க மச்சான். அதனாலதான் செத்தே போச்சு. பாவம், குடில்லயாவது ஒரு எடம் குடுப்போமே."

"சாமியார் வந்து சொல்லட்டும். அவர் வேணாம்னா மொத்தமும் கலைச்சிடணும்" என்று பெரியப்பா நாற்காலியில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டார்.

நானும் அக்காவும் குளித்துப் புதுத்துணி உடுத்தப் போனோம். அங்கேதான் விதி வந்தது, நாலு காலில். தாயில்லாத கன்று ஒன்றை அண்ணன் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தார். அவர் இல்லாத நாளில் அது எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டிக் கிடக்கும். அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அவரைத் தேடி நேரே வீட்டுக்குள் வந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார்.

அக்கா போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடினோம். கோதுமை வெளி வேரோடு போய்விட்டது. பனியைக் கன்று நக்கிய நக்கில் தரை பளபளத்தது. காட்டெருமைகள் விழுந்து கிடந்தன. கன்று, வாயில் ஒரு கொத்துப் பச்சையோடு எங்களைப் பார்த்து "ம்மா" என்றது. வாசலில் சாமியாரும் அண்ணனும்!

"என்ன இது?" என்றார் சாமியார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்து முன்னால் வந்தார். கன்று உள்ளே வந்தது தன் காவலில் என்ற குறுகுறுப்போ, அக்கா தேம்பியதைப் பார்த்த இரக்கமோ, தெரியாது. "இது வடக்கு டகோட்டாங்க சாமி. நம்ம தம்பி ஊரு. பிள்ளைங்க ஆசையா வெச்சுதுங்க. அது மூணு கொம்பன். பேழையில எடம் பத்தாம செத்துப் போன மிருகம். பாவம், குடில்லயாவது இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

மாமா கூரையைப் பார்த்தார். சாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மூன்று கொம்பனின் மேலும் சேர்த்தே தீர்த்தம் தெளித்தார். நான் குதித்தேன்!

அண்ணன் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் கன்னு என் ஊரையே தின்னுடுச்சு" என்றார் கடைசியில். பிறகு காட்டெருமைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நாங்கள் அவற்றைப் பாலன் இயேசுவைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். அவர் எல்லாவற்றையும் வாசல் பக்கம், ஊதக்காற்று வருகிற பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏன் தம்பி, சாமிக்கு முதுகைக் காட்டி நிக்குதுங்களே?" என்றாள் அம்மா.

"அது அப்படித்தான் நிக்கும்மா. பனிப்புயல் வந்தா மாடு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடும். புயலும் கூடவே ஓடும். இது தலையைக் குனிஞ்சு எதிர்ல நடக்கும். அதனால சீக்கிரம் தாண்டிடும்."

சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. கோதுமை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாதீங்கண்ணா. அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா வெக்கலாம். கன்னுக்குட்டியை இரும்புச் சங்கிலியில கட்டிடலாம்."

அவர் சிரித்து என் தலையைத் தடவினார். ஆகட்டும் என்று சொல்லவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. அவருடைய நாடு அப்போது தூர தேசத்தில் ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தது என்பதும், அவர் வயசுப் பையன்களை வீடு வீடாகக் கூப்பிட்டு அதற்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், தொண்டு வேலையில் வெளிநாட்டில் இருக்கிற வரைக்கும்தான் விட்டுவைத்தார்கள் என்பதும் நான் வளர்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டவை. அவரைக் கூப்பிட்டார்களா, போனாரா, பிழைத்தாரா, எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவர் கிளம்பிய நாளில் லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினோம். அன்றும் ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. அண்ணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து, காற்றுக்கு எதிரே நடந்து போய் பஸ் ஏறினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கோ ஒரே கொண்டாட்டம். சொந்த ஊருக்கு, மூன்று கொம்பன் ஊருக்கு அல்லவா போகிறார்! பஸ் மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டே இருந்தேன்.