கூட்டிருக்க வந்தவள்

நான் கண்ணை மூடினால் அவர் செத்துப்போவார்.

பூங்கனி இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். கட்டிலோரம் உட்கார்ந்து, புருஷனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அந்த நினைப்பை மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். அதுதான் அவளை விழித்திருக்க வைத்தது.

இனி வருவதைக் கேட்டவர்களில் சிலர், உறக்கமில்லாதவளின் மனக்கோளாறு என்றார்கள். சொல்லட்டும். பூங்கனியின் உள்ளங்கையில் தீப்பட்ட வடு இருக்கிறது. எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். இது நடந்தது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, ஆனி மாதம். மழை விடவேயில்லை. கருப்பட்டி வியாபாரி நாராயணபெருமாளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று. வருஷக்கணக்காகப் புகையிலையை அடக்கி வைத்திருந்த இடம். மிஷன் ஆசுபத்திரியில் ரேடியம் ஊசிகளை அந்தச் சதைக்குள் செருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பட்டு நூல். நூல்கள் வாயோரமாக வெளியே வந்து, கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தன. ஒரு வாரம் ஊசிகள் அசையக் கூடாது. வேதனையிலோ உறக்கத்திலோ அவர் கை நூலை இழுத்துவிட்டால் எல்லாம் பாழ். நோய் மறுபடியும் தின்னத் தொடங்கிவிடும். அதனால் இரவு முழுக்க யாராவது கூட்டிருந்து கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரால் பேசவும் முடியாது.

மற்ற கட்டில்களில் மாற்றி மாற்றிக் கூட்டிருக்க ஆள் இருந்தது. பூங்கனிக்கு இல்லை. அவர்கள் அய்யாவழிக்காரர்கள். தங்கள் கோயிலான நிழல்தாங்கலில் தரும் மண்ணும் தண்ணீரும் போதும், வெள்ளைக்காரன் ஊசி வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. அவர் நெற்றியில் நாமத்தை இட்டு வண்டியில் ஏற்றினாள். ஒருவரும் கூட வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தியில், ஆசுபத்திரிச் சமையல் கொட்டகையில் கஞ்சியை வடிகட்டும்போது அவள் பாத்திரத்தைச் சரித்துவிட்டாள். பாதிக் கஞ்சி தரையில் போயிற்று. நிமிர்ந்தாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். காதில் பாம்படம். நீலக்கரைப் புடவை. பெயர் தங்கபாய் என்றாள். தன் புருஷனும் இதே வார்டில் கடைசி அறையில் கிடப்பதாகவும், அவருக்கும் வாயில்தான் என்றும் சொன்னாள்.

"நீ ஒறங்கி எத்தற நாளாச்சு மக்கா?"

பூங்கனிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆசுபத்திரிக்கு வந்த பிறகு யாரும் அவளைப் பற்றிக் கேட்டதில்லை. எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"கொஞ்சம் கண்ண மூடு. நான் கூட்டிருக்கேன்."

இருவரும் மழையில் முற்றத்தைக் கடந்து வார்டுக்குள் வந்தார்கள். பூங்கனியின் புடவையைப் பிழியலாம் போல் இருந்தது. தங்கபாயின் பாதங்கள் காய்ந்திருந்தன. பூங்கனி பார்த்தாள். பார்த்தும் வேறாக நினைக்கவில்லை. பேய்களையெல்லாம் தாங்கள் கும்பிடும் அய்யா எரித்துவிட்டார் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். இல்லாத ஒன்றுக்கு எதற்குப் பயம்?

தங்கபாய் கட்டிலோரம் உட்கார்ந்து, நாராயணபெருமாளின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டாள். பூங்கனி தரையில் பாயை விரித்தாள். தலை சாய்வதற்குள் உறக்கம் கல்லைப்போல் வந்து விழுந்தது.

ஆசுபத்திரி மணி நான்கு அடித்தபோது விழித்தாள். தங்கபாய் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். இரவு முழுக்க உட்கார்ந்தவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. எழுந்து கடைசி அறைப் பக்கம் போனாள். நாராயணபெருமாளின் கண்கள் விரியத் திறந்திருந்தன. நீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. வேதனை போலிருக்கிறது என்று பூங்கனி நினைத்தாள்.

விடிந்ததும் நர்ஸ் வந்து பார்த்தாள். ஒரு பிளாஸ்திரி பிரிந்திருந்தது. ஓர் ஊசி பாதி வெளியே வந்திருந்தது. டாக்டர் வந்து மறுபடியும் செருகியபோது அவர் உடம்பு வில்லாக வளைந்தது. நர்ஸ் திட்டவில்லை.

"கைய விட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

விடவில்லையே. அவர் மணிக்கட்டில் தங்கபாயின் விரல்கள் பதிந்த தடம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பிடித்த பிடி தளர்ந்திருந்தால் அப்படிப் பதியுமா...

அன்று பூங்கனி கொட்டகைக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் கொடுத்த கஞ்சித் தெளிவை அவருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரவில் மழை சட்டென்று நின்றது. வார்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். கூட்டிருக்க வந்தவர்களும்கூட. ஒருவரும் இருமவில்லை. ஓட்டிலிருந்து நீர் விழும் சத்தம் மட்டும்... சொட்... சொட்...

எதிரே தங்கபாய் உட்கார்ந்திருந்தாள். வந்ததைப் பூங்கனி பார்க்கவில்லை.

"ஒறங்கு மக்கா."

பூங்கனியின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. இன்னும் ஒரே ஒரு ராத்திரி உறங்கிக்கொள்கிறேன் என்று ஒரு குரல் கெஞ்சியது. அவளுக்குள்ளிருந்துதான் கெஞ்சியது. அவர் போனாலும் போகட்டும், உறங்கினால் போதும்... ஒரு கணம் அப்படியும் நினைத்தாள். தங்கபாயைவிட அந்த நினைப்பைக் கண்டுதான் பயந்துபோனாள்.

பக்கத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

தோல் பொசுங்கியது.

உறக்கம் ஓடியது.

பார்த்தாள்.

தங்கபாயின் ஒரு கை அவருடைய வலது கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடது கையைப் பிடித்திருந்தது.

நூல் அசைந்தது.

வாயோரத்திலிருந்து ஒரே ஒரு நூல்... மெல்ல... மெல்ல... மேலே எழும்பியது. யாரோ விரலில் சுற்றி இழுப்பதுபோல.

அவர் பூங்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கபாயும்.

பாய்ந்து ஒரு கையால் அவர் கைகள் இரண்டையும் பற்றினாள். வெந்த உள்ளங்கையால் அவர் வாயை மூடினாள். விரலிடுக்கில் நூல் ஒருமுறை விண்ணென்று இழுபட்டது.

பிறகு தொய்ந்தது.

எதிரே யாரும் இல்லை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மீதி இரவுகளிலும் அவள் அவர் கைகளை விடவில்லை. எதிரே யார் இருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

வாரம் முடிந்து ஊசிகளை எடுத்தார்கள். அந்த இரவுகளைப் பற்றிக் கேட்டால் நாராயணபெருமாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். புறப்படும் நாளில் பூங்கனி, வார்டு கூட்டும் மரியானிடம் கடைசி அறையில் இருப்பது யார் என்று கேட்டாள்.

"ஒடஞ்ச கட்டிலும் எலியும் கிடக்கு. எலிக்கு கஞ்சி காய்ச்சப் போறியா?" என்று சிரித்தான்.

அவள் பாம்படத்தையும் நீலக்கரையையும் சொன்னதும் சிரிப்பு நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒருத்தி புருஷனுக்கு அந்த அறையில் கூட்டிருந்ததாகச் சொன்னான். ஆறு இரவு விழித்திருந்தாள். ஏழாம் இரவு அவளையறியாமல் கண்ணயர்ந்தாள். அந்த மனிதர் நூலையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டார். பிறகு பிழைக்கவில்லை.

"அந்த அக்கா எப்பம் செத்தாவ?" என்று பூங்கனி கேட்டாள்.

மரியான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தங்கபாயா? அவ சாகல்ல பிள்ளே. புதுக்கடை ஊருல இருக்கா. அந்தியானா ஒறங்கிருவா. சூடு வச்சாலும் முழிக்க மாட்டா. வெளுக்கும்போ எழும்பினா, ரெண்டு கையும் மரத்துப் போயிருக்குமாம்."

ஆவணியில் மறுபடியும் ஊசி வைக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் இன்னும் மிச்சமிருந்தது. அவர்கள் ஊரிலிருந்து ஆசுபத்திரிக்குப் புதுக்கடை வழியாகத்தான் வண்டி போகும். வேறு பாதை இல்லை. சந்தை நாள். நடு மத்தியானம். பூங்கனி வண்டியின் சாக்குத் திரையை இழுத்து விட்டாள். கூட்டத்தில் வண்டி நின்றது.

திரை விலகியது.

உயிருள்ள பெண். கழுத்தில் வியர்வை. தலையில் மரச்சீனிக் கிழங்குக் கூடை. இடுப்பில் நீலக்கரைப் புடவை.

"இண்ணைக்கா மக்கா ஊசி?"

தங்கபாய் வண்டிக்குள் எட்டி, நாராயணபெருமாளின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அப்படி ஒரு ஏக்கத்தைப் பூங்கனி எந்த முகத்திலும் கண்டதில்லை. அவளைத் திட்ட முடியவில்லை. வெறுக்கவும் முடியவில்லை.

"ஒரு ராத்திரி தா. இந்தத் தடவ ஒறங்க மாட்டேன்."

பூங்கனி அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் மெதுவாக. "நானே இருந்துக்கிடுவேன்."