ஏழாவது வாளி

வாடகைக்கு எடுக்கும் காம்பிங் காரில் படுக்கையையும் அடுப்பையும் எல்லாரும் பார்ப்பார்கள். கழிப்பறைக்கு அடியிலுள்ள கழிவுப் பெட்டியை நான் மட்டும்தான் பார்ப்பேன். மற்றவர் அழுக்கைக் கழுவிச் சம்பளம் வாங்கும் அன்பர்களே, நீங்களாவது மூக்கைப் பொத்தாமல் வாசிப்பீர்கள்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் எங்கள் முதலாளியின் வளவில் ஐந்து வண்டிகள் நிற்கின்றன. வண்டி மணக்கிறது என்று ஒருவர் முறைப்பட்ட அன்று முதலாளி சொன்னார்: “அண்ணை, இன்னொரு முறைப்பாடு வந்தா வேலையை வெளியாலை குடுத்திடுவன்.” அறுபத்து மூன்று வயதில் வேறு வேலை தேட எனக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து பெட்டியைக் கழுவ ஊற்றும் வாளிகளை எண்ணுகிறேன். நாலாவதில் தண்ணீர் தெளிந்தது போலிருக்கும், குலுக்கினால் கலங்கும். ஏழாவதில்தான் உண்மையாகத் தெளியும்.

நீல மருந்து

லூர்து மாதாவிடம் போன குடும்பம், எட்டுப் பேர். கழிவுப் பெட்டியை வெறுமையாக்கியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மணம் எழாமல் ஒரு மூடி நீல மருந்து ஊற்ற வேண்டும். இதை அந்த வீட்டு அம்மாவிடம் நேரே சொல்ல எனக்குக் கூச்சம். போத்தலைக் கொடுத்து, “இது தேவைப்படும்” என்றேன்.

ஐந்தாம் நாள் வந்தார்கள். கதவு திறக்கமுன்பே மணம் இறங்கி வந்தது. பதினொரு வாளி ஊற்றினேன். மருந்து எங்கே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“யன்னல் கண்ணாடியைப் பாருங்கோ அண்ணை, எட்டுப் பேரும் மாறி மாறித் துடைச்சம், ஒரு கறை இல்லை!”

கஞ்சி

செவ்ரானில் இருக்கும் ஒருவர், ஒரு கிழமையாகக் கஞ்சி வடித்ததையெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே ஊற்றியிருந்தார். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தாங்கி வண்டிக்கு அடியில் இருக்கிறது; அதன் குழாயைத் திறந்தேன்; ஒரு சொட்டும் வரவில்லை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பாதிக்கு நிரப்பி, வண்டியை ஓட்டிக் குலுக்கினால்தான் இளகும். “வீடு வரைக்கும் ஒருக்காப் போயிட்டு வாங்கோ” என்றேன். போய் வந்தார், எல்லாம் கொட்டியது.

“சனம் சாமியை ஊர்வலம் கொண்டுபோகும், நான் கஞ்சித் தண்ணியைக் கொண்டுபோயிட்டு வாறன் அண்ணை!”

மோந்து பார்த்த அம்மா

போன கிழமை, புதுச்சேரியைச் சேர்ந்த வயதான தம்பதி வண்டி எடுக்க வந்து காத்து நின்றார்கள். அவர்களுக்கான வண்டியோ அப்போதுதான் திரும்பியிருந்தது. நாலாவது வாளியில் முதலாளி கத்தினார்: “காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ, சனம் நிக்குதெல்லோ!” எனக்கு எதிர்த்துப் பேச வராது. தலையைக் குனிந்தபடி ஐந்து, ஆறு, ஏழு ஊற்றி முடித்தேன்.

அந்த அம்மா உள்ளே ஏறி, கழிப்பறை மூடியைத் தூக்கி, மூக்கை வைத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார்.

“ஒரு வாசனையும் இல்லையே முசியே, இது வேலை செய்யுமா? யாராவது கக்கூஸ் போய்ப் பார்த்த வண்டியா ஒண்ணு குடுங்க.”

மணந்தால் எனக்கு வேலையில்லை, மணக்காவிட்டால் வண்டிக்கு வாடகையில்லை என்பதால், இனி ஆறரை வாளியில் நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்.