வலையைக் கிழித்த விமானம்

எங்கள் யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நான், அப்போது கண்டக்குழிக் கடற்கரையில், அண்ணன் முறையில் ‘நானா’ என்று நான் கூப்பிட்ட முஸ்லிம் ஒருவரின் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே கடலுக்கடியில் ஒரு விமானம் கிடக்கிறது. அந்தக் காலத்து உலக யுத்தத்தில் பயிற்சிக்காகப் பறந்த வெள்ளைக்காரப் பொடியன்மார், மழைக்குள் வழி தெரியாமல் விழுந்துபோனார்களாம். அந்த இடத்துக்குப் பெயரே ‘பிளேன் பார்’. பார் என்றால் கடலடிப் பாறை. தெரியாமல் வலை போட்டால் தும்பு தும்பாகத்தான் திரும்பி வரும். நானா வாய்க்கு வந்தபடி ஏசுவார். எனக்கும் அதன் மேல் நல்ல எண்ணம் இல்லை. விமானச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவனுக்கு, செத்துக் கிடந்தாலும் விமானம் விமானம்தான்.

ஒருநாள் காலை வலையை இழுத்து முடிக்கும்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று மழையோடு அடித்தது. என்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. காற்று எங்களைக் கரையோரப் பாறைகளை நோக்கித் தள்ளியது. மழையில் எதுவும் தெரியவில்லை. அலை பாறையில் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. நங்கூரத்தைப் போட்டோம். அது மணலில் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. நானா கலிமா சொல்லத் தொடங்கினார். எனக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு வீட்டில் இருந்த மனைவியின் முகம்தான் வந்தது.

திடீரென்று படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நங்கூரக் கயிறு விறைத்திருந்தது. கீழே எதிலோ நன்றாக மாட்டிவிட்டது. என்ன ஏதென்று யோசிக்க நேரமில்லை, தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தோம்.

மழை விட்டதும் நானா கரையில் தெரிந்த பள்ளிவாசல் மினாராவையும் தென்னைகளையும் வைத்து நாங்கள் நிற்கும் இடத்தைக் குறி பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“பிளேன் பார்தான் தம்பி. வலையக் கிழிச்சவனுகள்தான் இண்டைக்கி நம்மளப் புடிச்சி வெச்சிருக்கானுகள்.”

எங்களைத் தேடி வந்த படகு கட்டியிழுத்தபோதும் நங்கூரம் கிளம்பவில்லை. கயிற்றை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அதற்கு முன் நானா இரண்டு கைகளையும் ஏந்தி துஆச் செய்தார். நான் கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். அதன் பிறகு அவர் அந்தப் பாரை ஏசி நான் கேட்டதில்லை.

இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் என் உடம்பு ஒருமுறை ஒடுங்கத்தான் செய்கிறது. மகளோ முற்றத்துக்கு ஓடிப்போய் டாட்டா காட்டுவாள். அவளுக்கு இன்று அப்பா இருப்பதற்குக் காரணமான, பெயர் தெரியாத அந்தப் பொடியன்மாரை நினைத்து நானும் அவளோடு சேர்ந்து கை காட்டுகிறேன்.