ஒட்டுக்காரரின் சொந்தப் படகு

யாருடைய படகு எங்கே முட்டி உடைந்தாலும் என் அண்ணனைத் தேடித்தான் ஆள் வரும். ஃபைபர் படகில் விரிசல் விட்ட இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசின் என்கிற பிசினைக் கலக்கிப் பூசி ஒட்டிக் கொடுப்பது அவன் தொழில். அதனால் எல்லோருக்கும் அவன் ஒட்டுக்காரர். எங்கள் அப்பா ஆசையாக வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால், அவன் ஷெட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களே அப்படி யாரும் இங்கே இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள்.

புதுப் படகு கட்டுகிறவர்களும் அவனிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "ஆத்துலயா, கடல்லயா? தண்ணியிலயே கெடக்குமா, கரையேத்துவீங்களா? அப்ப இந்த ரெசின் போடுங்க." அவ்வளவுதான் பேச்சு. இழை வெறும் எலும்பு, ரெசின்தான் சதை, சதை கெட்டுப்போனால் தண்ணீர் உள்ளே ஊறிக் கொப்புளம் கிளம்பும் என்பது அவன் கணக்கு. அவன் சொன்ன யோசனை தப்பிப்போய் யாரும் சண்டைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்பேர்ப்பட்டவன் தனக்கென்று ஒரு படகு கட்டக் கிளம்பியபோதுதான் வந்தது வினை.

கிளம்பியதற்குக் காரணம் இருமல். அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். அந்த இருமல் சுவரைத் தாண்டி வந்து என்னைத் தட்டி எழுப்பும். இத்தனை வருஷம் ரெசின் வாடையும் தேய்த்த தூளும் நெஞ்சுக்குள் போனால் சும்மா இருக்குமா? டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதோட நிறுத்திக்கோங்க. இன்னும் உள்ள போச்சுன்னா மருந்து கேக்காது" என்றார். வேறு தொழில் தெரியாத அண்ணன் விழித்தான். அண்ணிதான் வழி சொன்னாள். சின்னதாக ஒரு படகு கட்டிக்கொண்டு இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போவது, ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவது. அண்ணி கல்யாணத்துக்கு முன்பே தன் அப்பா படகில் என்ஜின் பிடித்தவள். அவளுக்குக் கடல் அடுத்த தெரு மாதிரி.

படகு கட்டும் மேஸ்திரி தன் அச்சைத் தருவதாகச் சொன்னார். அச்சுக்குள் இழையையும் ரெசினையும் அடுக்கடுக்காகப் போட்டால் படகின் உடம்பு வந்துவிடும். ஆனால் அவர் ஒரு கெடுவும் வைத்தார். "இந்த வாரம் பூரா அச்சு சும்மாதான் கெடக்கும். அதுக்குள்ள எந்த ரெசின்னு சொல்லிடுங்க. அடுத்த வாரம் ஒரு கம்பெனி ஆளுங்க வராங்க, வரிசையா படகு போடறாங்க. அப்புறம் உங்க முறை எப்ப வரும்னு எனக்கே தெரியாது." படகு வரும்வரை சோற்றுக்கு ஷெட்தான். ஷெட் என்றால் அதே வாடை, அதே தூள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் அண்ணன் மீனமேஷம் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சாதா ரெசின் போதும் என்பான். மத்தியானம் அது தண்ணீர் குடிக்கும், ஐசோ ரெசின்தான் சரி என்பான். விளக்கு வைக்கும் நேரத்தில் வினைல் எஸ்டர் என்பான். அதைவிடத் தண்ணீரைத் தாங்குவது வேறில்லையாம். சாப்பிட உட்கார்ந்ததும், அதைக் கலக்குகிறவன் கை கொஞ்சம் பிசகினாலும் வீணாகிவிடுமே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"ஊருக்குத்தான் உபதேசம் போல" என்றேன் ஒரு நாள்.

"நீ சும்மா இரு" என்றான். இரும ஆரம்பித்தான்.

கடைசியில் பரீட்சை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தான். மூன்று ரெசினிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு தகடு வார்த்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் வேகவைத்து, எது கொப்புளம் போடுகிறது என்று பார்க்க வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டுதான் வார்த்தேன் என்று அண்ணியிடம் சத்தியம் செய்தான். போட்டிருந்தது உண்மைதான், கழுத்தில். எது எந்தத் தகடு என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று, அடையாளம் வைக்கிற வேலையை அண்ணியிடம் கொடுத்தான். முடிவு தெரிகிறவரைக்கும் அதைப் பற்றித் தன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை வேறு. அண்ணி நேராக என் அலமாரிக்கு வந்து என் நெயில் பாலிஷ் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு தகட்டுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ஊதா, ஒன்றுக்குப் பச்சை. பச்சை நான் ஆசைப்பட்டு வாங்கியது, இன்னும் திறக்கக்கூட இல்லை.

வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் தகடுகள் நாள் முழுக்க வெந்தன. வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டது. இனி அந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறக்கூடாது என்று அண்ணி அதை வாசலுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. தகடுகளை எடுத்துக்கொண்டு அண்ணன் ஷெட்டுக்குப் போனான். நாங்களும் பின்னாலேயே போனோம்.

உள்ளே நுழைந்தபோது தகடுகள் மேஜைமேல் பளிச்சென்று இருந்தன. ஒன்றில் மட்டும் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். மற்ற இரண்டும் சொன்னபடி கேட்கும் பிள்ளைகளாக வழுவழுவென்று இருந்தன.

"இப்ப சொல்லு, எது எது?" என்றான் அண்ணன்.

அண்ணி தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் வெச்ச அடையாளம் எங்க?"

"என்ன அடையாளம்?"

"நெயில் பாலிஷ்."

அண்ணன் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். அதில் சிவப்பும் ஊதாவும் என் பச்சையும் இழுகிக் கிடந்தன. ஷெட்டில் எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அசிட்டோனில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் அவன் கண்ணால் பார்ப்பான். நாங்கள் நகத்திலிருந்து பாலிஷை எடுப்பதும் அதே சரக்கால்தான்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி சிரிக்கவில்லை.

"கொப்புளம் வந்தது சாதா ரெசின்தான், அது உங்களுக்கே தெரியுமே" என்றாள். "மத்த ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

"கொப்புளம் வந்தது ஐசோவா இருந்தா? வார்க்கும்போது ரொம்ப இருமிட்டேன், கலவையில கை பிசகியிருக்கும். திரும்ப வார்த்துப் பாத்துடறேன். நாளைக்கு ஒரு நாள் இருக்கு இல்ல."

அண்ணி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வேடிக்கை பார்க்கிற ஆசையில் டீ கொண்டுபோகிற சாக்கில் நான் ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் ரெசின் டப்பாவைத் திறக்கப் போகிற நேரம். அண்ணி உள்ளே வந்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒட்டுக்காரரே, ஒரு யோசனை கேக்கணும். புதுப் படகு கட்டறேன். எந்த ரெசின் போடட்டும்?"

"என்ன விளையாட்டு இது?" என்றான் அண்ணன்.

"வந்தவங்க கேக்கறாங்க இல்ல, சொல்லு அண்ணா" என்றேன் நான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். டப்பாவைக் கீழே வைத்தான். "கடல்லயா?"

"கடல்ல."

"தண்ணியிலயே கெடக்குமா?"

"சீசன் பூரா."

"யார் யார் போவீங்க?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

அண்ணன் அங்கே நின்றுவிட்டான். "அங்கதான் எனக்குப் புத்தி ஓடவே மாட்டேங்குது" என்றான் மெதுவாக. "மத்தவங்க படகுன்னா, ஓட்டை விழுந்தா கொண்டு வருவாங்க, ஒட்டிக்கலாம்னு ஒரு தைரியம். இதுல நீ உக்காரப் போற. நடுக்கடல்ல ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு நீச்சல் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. ஆனா ஆள் ஒண்ணும் பெரிய கனம் இல்ல, இழுத்துக்கிட்டு வந்துடுவேன்."

அண்ணன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பே இருமலாகி, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. அண்ணி எழுந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கடல்ல அவருக்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பயமே இல்ல" என்றாள். "இந்த ஷெட்டுலதான் பயம். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற தங்கச்சிக்கே தூக்கம் போகுது. பக்கத்துல படுத்திருக்கறவளுக்கு எப்படி இருக்கும்? அடுத்த மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்."

நேற்றுச் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டீயை ஒரு வாய் குடித்தான். பிறகு அவளை ஸ்டூலில் மறுபடி உட்காரச் சொல்லி, வழக்கமான குரலில் சொன்னான். "வெளிப்பக்கம் மொத ரெண்டு அடுக்கு வினைல் எஸ்டர் போடச் சொல்லுங்க. அதுக்கு உள்ள எல்லாம் ஐசோ. தாராளமா போதும்."

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ரெசின் கலக்கறப்ப உங்க வீட்டுக்காரரை மேஸ்திரி பட்டறைப் பக்கமே விட்டுடாதீங்க."

அண்ணி அங்கேயே உட்கார்ந்து மேஸ்திரிக்கு போன் போட்டாள்.