மண்டிக் குழி

எண்பதுகளின் பின்பாதியில் தர்மபுரியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பள்ளிப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பார்ப்பது. வேதியியல் படித்துவிட்டு இதென்ன வேலை என்று அப்பா கேட்டார். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைக் குடிநீரிலிருந்து நீக்குவதற்கு நம் நாட்டிலேயே ஒரு மலிவான சாதனத்தைச் செய்து காட்ட வேண்டும் என்று டெல்லியில் ஒரு தொழில்நுட்பத் திட்டம் போட்டிருந்தார்கள். அதைச் சோதிக்க எங்கள் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தற்காலிக வேலைதான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் வயலை விட்டு ஆபீசுக்குப் போன முதல் பெண் நான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சர்ச் வாசலுக்கு வந்ததும் அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

சோதனைக்கு எடுத்த ஊர் இண்டூரைத் தாண்டி உள்ளே போகவேண்டிய ஒன்று. அதன் பெயரை எங்கும் எழுதுவதில்லை என்று அந்த ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் வெளியே போனால் அங்கிருந்து யாரும் பெண் எடுக்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய பயம். நியாயமான பயம்தான். அந்தப் பிள்ளைகளின் பற்களில் மஞ்சள் கோடுகள் விழுந்திருந்தன. பெரிய வகுப்புகளுக்குப் போகப்போகக் கோடு பழுப்புக் குழியாக மாறியிருந்தது. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வதை அவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் போவதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன் அங்கே காலரா வந்தது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, வண்டியில் வந்து பாறையைத் துளைத்து அடிபம்பு போட்டுக் கொடுத்தார்கள். காலரா நின்றது. பம்புத் தண்ணீர் குளிர்ந்து, வாடை இல்லாமல், கண்ணாடி மாதிரி இருந்தது. நான் முதல் பாட்டிலைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தபோது அதில் ஒரு தூசிகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரில் சிவப்புச் சாயம் சேர்ப்போம். ஃபுளோரைடு எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்குச் சிவப்பு வெளிறும். அந்த பாட்டிலில் சாயம் என் கண் முன்னாலேயே வெளிறிப் போனது.

எங்கள் திட்ட அதிகாரி சென்னைக்காரர். நாற்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. வெளிநாட்டிலிருந்து வடிகட்டிகளை வாங்கிப் பொருத்துவது அவருக்குப் பிடிக்காது. நாமே செய்வோம், நாளைக்கு இதே பிரச்சினை இருக்கிற நாடுகளுக்கு நாமே விற்போம் என்பார். அதை அவர் நிஜமாகவே நம்பினார். நானும் நம்பினேன்.

சாதனம் எளிமையானது. ஒரு சிமெண்ட் தொட்டி, அதற்குள் கையால் சுற்றுகிற துடுப்பு. பம்புத் தண்ணீரை நிரப்பி, படிகாரமும் சுண்ணாம்பும் அளந்து போட்டுச் சுற்ற வேண்டும். பிறகு அசையாமல் விட்டால் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்ட மண்டி வண்டலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததைக் குழாய் வழியாகப் பிடித்துக் குடிக்கலாம். அடியில் தங்கிய மண்டியைத் திறந்துவிட்டால் பக்கத்தில் வெட்டிய குழிக்குப் போய்விடும்.

துடுப்புச் சுற்றும் வேலைக்கு அந்த ஊரிலேயே ஒரு அக்காவை அமர்த்தினோம். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அக்காவுக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பார். பம்புத் தண்ணீர் எலும்பில் செய்த வேலை அது. துடுப்பு ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அவருக்கு வலித்திருக்கும். ஒரு நாள்கூட அவர் வேலையை நிறுத்தவில்லை. தன் மகளுக்காவது அந்தக் கழுத்து வரக்கூடாது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகப் போயிற்று. தொட்டித் தண்ணீரில் சாயம் சிவப்பாகவே நின்றது. அதிகாரி அந்த பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் மாதிரி எடுக்கப் போனபோது குழி நிரம்பி, வெள்ளையாகக் குழம்பிய தண்ணீர் தாழ்ந்த பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தக்காளி வயல், வயலின் கோடியில் ஒரு கிணறு. வயல் வேலைக்கு வருபவர்கள் தாகத்துக்கு அந்தக் கிணற்றில்தான் இறைத்துக் குடிப்பார்கள். நான் வெள்ளை ஓடிய தடத்தைத் தொடர்ந்து நடந்தேன். அது கிணற்றின் விளிம்பில் போய் முடிந்தது.

அக்காவின் ஆடுகள் அந்தக் குழியைச் சுற்றித்தான் மேயும், குழியில்தான் தண்ணீர் குடிக்கும். அவற்றில் ஒன்று முன்னங்கால்களை மடக்கி, முட்டி போட்டபடி புல் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றார் அக்கா. நடக்கச் சொல்லி விரட்டினால் முட்டியிலேயே ஊர்ந்து நகருமாம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார்.

கிணற்றுத் தண்ணீரை மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் சாயம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. திட்டம் தொடங்குமுன் நான் எடுத்த கணக்கில் அந்தக் கிணற்றில் ஃபுளோரைடு பேருக்குத்தான் இருந்தது. பம்பிலிருந்து எடுத்ததை நாங்கள் கிணற்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம்.

அதிகாரியிடம் சொன்னேன். அவர் மாதாந்திர அறிக்கைப் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு கட்டம், வெளியே போகும் தண்ணீருக்கு ஒரு கட்டம், படிகாரத்துக்கு ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று. மண்டிக்குக் கட்டம் இல்லை. அடுத்த கட்ட ஆய்வில் அதைச் சேர்ப்பார்கள் என்றார். சாதனத்தைப் பார்த்து ஒப்புதல் தர டெல்லியிலிருந்து குழு வர இரண்டு வாரம்தான் இருந்தது.

"இப்ப இதைச் சொன்னா திட்டத்தையே மூடிடுவாங்கம்மா. மூடினா அந்தப் பிள்ளைங்க மறுபடியும் பம்புத் தண்ணியத்தான் குடிக்கும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. படிவத்தில் இருந்த கட்டங்களை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன்.

குழு வந்த அன்று குழியைக் காணோம். அதன்மேல் செம்மண் கொட்டிக் குரோட்டன்ஸ் செடிகள் நட்டிருந்தார்கள். யார் செய்யச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மாலை போட்டு வரவேற்றார். ஆடுகளை எங்கோ ஓட்டிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் தொட்டித் தண்ணீரை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டுத் தலையாட்டினார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த வயதான ஒருவர் மட்டும் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அடிக்குழாயைக் காட்டி, இதிலிருந்து வருவது எங்கே போகிறது என்று கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். கேட்டவரும் என்னைப் பார்த்தார்.

"குழியில சேர்க்கிறோம் சார்" என்றேன்.

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துடுப்பருகே நின்றிருந்த அக்கா உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. மாவட்டம் முழுக்கத் தொட்டிகள் கட்ட உத்தரவானது. அதே வாரத்தில் அக்கா பஸ் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு மருந்து பாட்டில் நிறையத் தண்ணீர். வயல் கிணற்றுத் தண்ணீர் என்றார். சோதித்துச் சொல்லச் சொன்னார். அவர் எதிரிலேயே சாயத்தை விட்டேன். அது வெளிறியது. பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன்.

"அவங்க கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்க்கா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாட்டிலைக் கழுவித் தரச் சொல்லி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தொட்டியச் சுத்துனா கெணறு கெட்டுப்போவுது, சுத்தாட்டி பம்புத் தண்ணிதான். நாங்க எதைக் குடிக்கறதுங்க? அதையாச்சும் எழுதிக் குடுங்க, வூட்டுல வச்சுக்கறேன்."



அவர் போன பிறகு உட்கார்ந்து டெல்லிக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். கிணற்றின் பழைய கணக்கு, புதிய கணக்கு, ஆடு, செம்மண், நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு அட்டை வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது என் வேலையை நீட்டிக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. அதிகாரியே எனக்கு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். மண்டியைப் பற்றி அடுத்த அறிக்கையில் எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்று தெரியாது. அவரை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்கா துடுப்புச் சுற்றுவதை நிறுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தொட்டிக் குழாயைக் கட்டிப் பூட்டி, சாவியைப் பஞ்சாயத்துத் தலைவர் கையில் கொடுத்தாராம். பிரச்சினை வெளியே தெரிந்தால் ஊருக்குக் கெட்ட பெயர் என்று தலைவர் அதையும் மூடி மறைத்துவிட்டார். ஊர் மறுபடியும் பம்புக்குப் போனது. வெட்கத்தில் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த வருடம் மாரண்டஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சேருவதற்காகப் பஸ்ஸில் போனேன். பாலக்கோடு தாண்டியதும் சாலையோர ஊர் ஒன்றில் புதிய தொட்டி தெரிந்தது, சிமெண்ட் இன்னும் காயவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கடுத்த ஊரில் அடித்தளம் மட்டும் எழும்பியிருந்தது. எல்லாம் ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆட்கள் நின்று குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மழை இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிடச் சொன்னார்.